அம்புக்குறி

மேலா, கீழா என்பதுதான் அமிர்தவல்லிக்கு நினைவில்லை. எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுக்கையோடு சேர்த்து அவளைத் தள்ளிக்கொண்டிருந்தபோதும், மூக்குக்கு மேலே ஒரு சாண்கூட இடம் விடாமல் வெள்ளை வளைவு ஒன்று வந்து மூடியபோதும் அவள் மனம் அந்த அம்புக்குறியில்தான் கிடந்தது. பயம் வரும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். கண்ணை மூடிக்கோ, சாமி பேரைச் சொல்லிக்கிட்டே இரு என்று கணவர் தணிகாசலம் வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போதே பல தடவை சொல்லிவிட்டார். பயம் வந்தபாடில்லை. பயம் இருக்க வேண்டிய இடத்தில், பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி என்னவோ தடித்துக் கிடந்தது. கிள்ளினால் கிள்ளுவது தெரியும், வலி தெரியாது. உடை மாற்றும் அறையில் நர்ஸ், "மேல நகை எதுவும் இருக்கக் கூடாதும்மா, தாலியையும் கழட்டிடுங்க" என்றபோது, "தங்கத்தைக் காந்தம் இழுக்காது, அதுல மாட்டியிருக்கிற ஊக்குதான் இழுக்கும்" என்று வாய் தானாகச் சொன்னது. நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ரூல்ஸ்ம்மா" என்றாள். சரிதான். இருபத்தாறு வருஷமாக ஆய்வகத்துக்குள் நுழையும் ஒவ்வொருவரிடமும் இதே குரலில் இதையே அவளும் சொல்லி வந்திருக்கிறாள்: ஊக்கு, கொண்டை ஊசி, சாவிக்கொத்து எல்லாத்தையும் வெளிய வெச்சிட்டு வாங்க, உங்க ஊக்கு ஒன்னு போதும் என் பாறையோட கணக்கைக் கெடுக்க. தாலிச் சங்கிலியின் கொக்கியைக் கழற்ற அவள் விரல்களுக்கு வரவில்லை. வலது கை கொக்கியைத் தொடுகிறதா சங்கிலியைத் தொடுகிறதா என்றே தெரியவில்லை. நர்ஸ்தான் கழற்றிக் கொடுத்தாள். வெளியே நின்ற தணிகாசலம் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, உள்ளிருந்து எதுவோ துள்ளிக் குதித்துவிடும் என்பதுபோல் பையின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். அரசுப் பள்ளியில் பி.டி. மாஸ்டர். தொள்ளாயிரம் பிள்ளைகளை ஒரு விசிலில் நேராக நிறுத்துகிற மனுஷர். பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். அவளுக்கு, சட்டைப் பையின் தையல் விட்டிருக்கிறது, தைக்கவேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

காதில் மாட்டிய கருவியில் ஸ்கேன் எடுக்கும் பெண்ணின் குரல் வந்தது: "அம்மா, கேக்குதா? முக்கால் மணி நேரம் ஆகும். சத்தமா இருக்கும், பயப்பட வேணாம். கையில ரப்பர் பந்து குடுத்திருக்கேன், ஏதாச்சும் கஷ்டமா இருந்தா அதை அமுக்குங்க, உடனே வெளிய எடுத்துடுவேன். கழுத்தை மட்டும் அசைக்கவே கூடாது." கேக்குது என்றாள். பிறகுதான் உறைத்தது. பந்தை அவள் வலது கையில் வைத்திருக்கிறார்கள். இருக்கிறதா? குனிந்து பார்க்க முடியாது, அசையக் கூடாது. இருக்கும். சத்தம் ஆரம்பித்தது. முதலில் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி, பிறகு தகரத்தை இழுத்துக்கொண்டு ஓடுகிற மாதிரி, அப்புறம் கர்ரென்று ஒரே சீராக. அந்தச் சத்தம் வந்ததும் பென்னாகரம் பக்கத்துக் காட்டோடையும் துளைக் கருவியும் கால்மாட்டில் ஓடிய சாம்பல் நிறச் சேற்றுத் தண்ணீரும் அப்படியே கண்முன் வந்துவிட்டன. பெட்ரோலில் ஓடுகிற சின்ன இயந்திரம் அது. முனையில் வைரத்தூள் பதித்த குழாய். பாறைக்குள் இறங்கி, ஒரு விரல் நீளத்துக்கு உருளையாக ஒரு துண்டை அறுக்கும். அந்தத் துண்டு பாறையை விட்டுப் பிரியுமுன் அதன் தலையில் பித்தளைக் கூடு ஒன்றைச் செருகி, எந்தப் பக்கம் வடக்கு, எவ்வளவு சாய்வு என்று குறித்துக்கொண்டு, பித்தளைக் கம்பியால் பக்கவாட்டில் ஒரு கோடு கீற வேண்டும். துண்டை உடைத்து எடுத்ததும் அந்தக் கோட்டின்மேல் அம்புக்குறி போட வேண்டும், எந்த முனை வெளியே இருந்தது, எந்த முனை உள்ளே என்று. இதை அவள் ஆயிரக்கணக்கான தடவை செய்திருக்கிறாள். கல் எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்பது போய்விட்டால் அது வெறும் ஜல்லி என்று புதிதாக வருகிற ஒவ்வொரு மாணவரிடமும் சொல்லியிருக்கிறாள். அந்த ஓடைக்கரையில் துளை போட்ட அன்றைக்கு ரெஹானாவுக்குக் காய்ச்சல். ஜீப்பிலேயே போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள். ரெஹானா அவளிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம் அது. நல்ல பெண், சத்தமில்லாமல் வேலை பார்க்கும். அவள் இல்லாததால் அமிர்தவல்லியே எல்லாத் துண்டையும் எடுத்தாள். எடுத்ததைத் தட்டில் வரிசையாக அடுக்கி, கடைசியில் புங்க மரத்தடியில் உட்கார்ந்து மொத்தமாக அம்புக்குறி போடலாம் என்று தூக்கிக்கொண்டு போனாள். தட்டு எப்போது நழுவியது என்று தெரியாது. காலில் வந்து விழுந்த பிறகுதான் கையில் தட்டு இல்லை என்பதே தெரிந்தது. பொறுக்கி எடுத்தாள். ஈரமாக இருந்தன. துடைத்தாள். அடுக்கினாள். அடுக்கும்போது உடைந்த முனை எது, வெளி முனை எது என்று பார்த்தாளா? பார்க்காமல் எப்படி அடுக்கியிருப்பாள்? பார்த்திருப்பாள். பார்த்தது நினைவில் இல்லை. மேல்முனையா, கீழ்முனையா. மரத்தின் நிழல் நினைவிருக்கிறது. புங்கம்பூ உதிர்ந்து தண்ணீர் கேனின்மேல் ஒட்டியிருந்தது நினைவிருக்கிறது. ஜீப்புக்குள் ரெஹானா இருமியது நினைவிருக்கிறது. கை என்ன செய்தது என்பது மட்டும், அந்தக் கை வேறு யாருடையதோ என்பதுபோல, காணவில்லை.

இன்று காலை காபி போட்டுக்கொண்டிருக்கும்போது ரெஹானா போன் செய்தாள். குரலில் மூச்சு வாங்கியது. "மேடம், ஓடைக்கரை டைக்... கடைசிச் சூடும் முடிஞ்சுது. எல்லாத் துண்டும் எதிர்த்திசை மேடம். நேர் எதிர். நான் ரெண்டு தடவை வெச்சுப் பாத்துட்டேன்." டைக் என்றால், பூமிக்குள்ளிருந்து எழும்பிய குழம்பு பழைய பாறையின் வெடிப்பில் நிரம்பி இறுகிப்போன கருங்கல் சுவர். தருமபுரி மாவட்டத்தில் அப்படி எத்தனையோ ஓடுகின்றன. ஆடு மேய்ப்பவர்கள் அதன்மேல்தான் உட்கார்ந்து பீடி பிடிப்பார்கள். அந்தக் குழம்பு ஆறி இறுகியபோது அதிலிருந்த இரும்புத் துகள்கள் அன்றைய வடக்கைப் பார்த்தபடி உறைந்தவை. இருநூறு கோடி வருஷத்துக்கும் மேலாக அப்படியே நிற்கின்றன. நிலம் நகர்ந்தது, திரும்பியது, உடைந்தது, ஒட்டியது. துகள் மட்டும் தான் பிறந்த அன்று பார்த்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அது படுத்திருந்தால் அந்த நிலம் அன்று நிலநடுக்கோட்டுப் பக்கம் இருந்தது, செங்குத்தாக நின்றால் துருவத்துப் பக்கம் இருந்தது. அவளுடைய டைக்குகளில் அது செங்குத்தாகத்தான் நின்றது. இதைத் தணிகாசலம் கேட்டுக்கொண்டு போய்த் தன் பள்ளிக்கூடத்தில், "டேய், நம்ம தருமபுரி ஒரு காலத்துல துருவத்துக்குப் பக்கத்துல இருந்துச்சுடா, எங்க வீட்டம்மா கண்டுபிடிச்சது" என்று சொல்லுவார். அப்போ அங்க பனிக்கரடி இருந்துச்சா சார் என்று எவனோ கேட்டானாம். அதை வந்து அவளிடம் கேட்டார். அப்போ புழுகூடக் கிடையாதுங்க என்றாள். அவர் அதற்கும் சிரித்தார். ஆனால் இத்தனை வருஷமாக ஒரு கேள்வி அவளைத் துரத்திக்கொண்டே இருந்தது. பக்கத்தில் பிற்பாடு வேறு குழம்பு எழும்பியிருந்தால் அந்தச் சூட்டில் பழைய பாறை தன் திசையை மறந்து புதிய திசையை ஏற்றிக்கொண்டிருக்கும். அவள் அளந்தது பிறந்தபோது பெற்றதா, பிற்பாடு ஏறியதா? வெளியூர்க் கூட்டங்களில் யாராவது ஒருத்தர் எழுந்து இதைக் கேட்காமல் இருந்ததில்லை. ஒரே ஒரு டைக் நேர் எதிர்த்திசை காட்டினால் போதும். பூமியின் காந்தம் அவ்வப்போது தலைகீழாகப் புரளும். புரண்ட காலத்தில் ஒரு டைக் பிறந்திருந்து அது புரண்ட திசையையும் மற்றவை புரளாத திசையையும் தனித்தனியாகக் காட்டினால், பிற்காலச் சூடு எதையும் அழிக்கவில்லை என்று அர்த்தம். அந்த ஒன்றைத் தேடித்தான் வருஷா வருஷம் பங்குனி வெயிலில் அலைந்தாள். அதைத்தான் இன்று காலை ரெஹானா மூச்சு வாங்கச் சொன்னாள். அமிர்தவல்லி அடுப்பை அணைத்தாள். பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்திருந்தது. சந்தோஷம் வரவில்லை. சந்தோஷத்துக்கு முன்னால் புங்க மரத்தடி வந்து நின்றுகொண்டது. அந்த ஓடைக்கரையில் துளை போட்ட கோணத்துக்கு, அம்புக்குறி தலைமாறிப் போனாலும் ஏறக்குறைய இதே எதிர்த்திசைதான் வரும். துண்டுகளின் இரு முனைகளையும் அறுத்துத் தள்ளியாயிற்று, இனிமேல் பார்த்துச் சொல்லவும் வழியில்லை. பூமி புரண்டதா, அவள் கை புரண்டதா.

"இப்ப ஒரு நிமிஷம் ஓய்வும்மா, நல்லா இருக்கீங்களா?" என்றது காது. நல்லா இருக்கேன். பந்து இருக்கிறதா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மறுபடியும் சத்தம். அமுக்கிப் பார்க்கலாமா? அமுக்கினால் வெளியே எடுத்துவிடுவார்கள், பாதிப் படம் வீணாகும், மறுபடி முதலிலிருந்து. அமுக்காமல் விட்டால் பந்து இருக்கிறதா என்பது தெரியாது. அமுக்கி, பந்து இல்லாமலிருந்து, வெறும் விரல்கள் மட்டும் மடங்கியிருந்தால் அதுவும் தெரியாது. இந்தக் கைக்கு என்ன வந்தது, எப்போது வந்தது என்று அந்த நரம்பு டாக்டர் போன வாரம் கேட்டார். ஆறு மாசமாக என்றாள். ஆறு மாசம் என்று அவ்வளவு உறுதியாகச் சொன்னதற்குக் காரணம் அந்த அடுப்பு. ஆய்வகத்தில் கல்லைச் சூடேற்றும் அடுப்பு. துண்டைக் கொஞ்சம் சூடேற்றி ஆறவைத்தால் நேற்று முந்தாநாள் ஏறிய திசை அழியும். இன்னும் சூடேற்றினால் அதற்கு முன்னால் ஏறியது. அப்படிப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போனால் கடைசியில், ஐந்நூற்றுச் சொச்சம் டிகிரியில், எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது தெரியும், தெரிந்த கையோடு அதுவும் அழிந்துபோகும். பழையதைப் படிப்பதற்கு வேறு வழி கிடையாது, அழித்துக்கொண்டேதான் படிக்க வேண்டும். ஆறு மாசத்துக்கு முன்னால் ஒரு நாள் அந்த அடுப்பின் தட்டை வெளியே இழுத்துவிட்டு ரெஹானாவிடம் எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். கருகல் நாற்றம் வந்தது. "மேடம், கை! கை!" என்று ரெஹானா கத்திய பிறகுதான் தன் உள்ளங்கை தட்டின் விளிம்பில் பதிந்திருப்பதைப் பார்த்தாள். தோல் வெந்து வெள்ளையாக இருந்தது. வலிக்கவில்லை. வலிக்கலையா மேடம், நிஜமாவே வலிக்கலையா என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டே அழுதது. அவள் அழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அழுகைகூட எனக்கு இப்படித்தானே ஆகிவிட்டது என்று அமிர்தவல்லிக்கு ஒரு நினைப்பு ஓடியது. தங்கை பெண்ணின் கல்யாணத்தில் எல்லோரும் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டபோது கூடவே நின்று பல்லைக் காட்டினாள். அம்மா போனபோது காரியமெல்லாம் குறையில்லாமல் செய்தாள், வந்தவர்களுக்கு மோர் கொடுத்தாள், பதினாறாம் நாள் முடிந்த மறுநாள் ஆய்வகத்துக்குப் போய்விட்டாள். வயசானால் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்தாள். கல்லோடு கிடந்து கிடந்து என்று தங்கை சொன்னாள். தணிகாசலம் ஒன்றும் சொல்லவில்லை. முன்னெல்லாம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் அவளிடம் சொல்லுவார். இப்போது டி.வி.யைப் போட்டுக்கொண்டு, சத்தத்தை அவளுக்காகக் குறைத்து வைத்துக்கொண்டு, தனியாகப் பார்ப்பார். எப்போதிலிருந்து? அதுவும் தெரியவில்லை. எதற்கும் அவளிடம் தேதி இல்லை. கண்டம் எப்போது எங்கே இருந்தது என்று சொல்லத் தெரிகிறது.

இந்தக் குழாய்க்குள் இருக்கிற காந்தம் பூமியுடையதைவிடப் பல்லாயிரம் மடங்கு. உடம்பிலுள்ள தண்ணீரின் ஒவ்வொரு அணுவும் இப்போது அதற்குத் தலை திருப்பி நிற்கும். வெளியே போன மறுகணம் கலைந்துவிடும். உடம்பு எதையும் வைத்துக்கொள்வதில்லை. அவள் இங்கே படுத்திருந்தாள் என்பதற்கு அவளுக்குள் ஒரு தடயமும் இருக்காது. ஒரு கைப்பிடி கருங்கல்லை இங்கே கொண்டுவந்து வைத்தால் அது தன் பழைய ஞாபகத்தையெல்லாம் தொலைத்துவிட்டு இந்தக் குழாயை மட்டும் பார்க்கும். அப்போது உறுதி எது? மேல்முனையா, கீழ்முனையா. ரெஹானாவிடம் சொல்லாமல் இருந்துவிடலாம். யாருக்குத் தெரியும்? தட்டு விழுந்ததைப் பார்த்தவர்கள் இல்லை. எதிர்த்திசை என்று எழுதினால் ரெஹானாவின் ஆய்வேடு உறுதியாக நிற்கும், அந்தப் பெண்ணுக்கு எங்கேயும் வேலை கிடைக்கும், கூட்டங்களில் எழுந்து கேட்பவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். நிஜமாகவே பூமி புரண்டிருக்கவும் கூடும். பாதிக்குப் பாதி. தப்பென்றால் இன்னும் ஐம்பது வருஷம் கழித்து எவரோ அதே ஓடைக்கரைக்குத் துளைக் கருவியோடு வந்து, யாரு இந்த அமிர்தவல்லி, எந்தப் பக்கம் அம்பு போட்டிருக்கா பாரு என்று சொல்வார்கள். அதை நினைத்தும் வெட்கம் வரவில்லை. வெட்கம் வரவேண்டிய இடத்தைத் தடவிப் பார்த்தாள். அதே மரத்துப்போன ஈறு. படுக்கை மெல்ல வெளியே நகர்ந்தது. கையில் மருந்து ஏற்றிவிட்டு மறுபடி உள்ளே அனுப்பவேண்டும் என்று அந்தப் பெண் அருகில் வந்தாள். இடது கையில் ஊசி ஏறியபோது சுருக்கென்றது. அந்தச் சுருக்கில் கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்தாள். "என்னம்மா பந்தை இப்படி இறுக்கிப் பிடிச்சு வெச்சிருக்கீங்க, ரொம்பப் பயந்துட்டீங்களா?" என்று அந்தப் பெண் அவளுடைய வலது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். நகம் பதிந்து ரப்பரில் பள்ளம் விழுந்திருந்தது. "நான் அமுக்கலையே" என்றாள் அமிர்தவல்லி. "மணி அடிக்கல. பந்தோட டியூப் மடங்கியிருந்துச்சு போல. நல்லவேளை, உங்களுக்கு எதுவும் ஆகலை" என்று அந்தப் பெண் பந்திலிருந்து போன ரப்பர் குழாயை நீவி நேராக்கினாள். அப்படியென்றால் அவள் பயந்திருக்கிறாள். இவ்வளவு நேரமும் அவளுடைய கை உதவி கேட்டு அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. அவளுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

மாலையில் நரம்பு டாக்டர் அதே கட்டடத்தின் மாடியில் படங்களை வெளிச்சப் பலகையில் மாட்டிவிட்டு, தணிகாசலத்தைப் பார்த்து, "சார், நீங்க கொஞ்சம் உள்ள வாங்க. அம்மா வெளிய உக்காரட்டும்" என்றார். டாக்டரும் பெண்தான், தலை நரைத்தவர். அமிர்தவல்லி எழுந்து தணிகாசலத்துக்கு முன்னால் உள்ளே போய் உட்கார்ந்தாள். "எங்கிட்டயே சொல்லுங்க டாக்டர். படம் பாத்துப் பழக்கம்தான்." டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, கழுத்துத் தண்டுவடத்தின் நடுவில் ஓரிடத்தைப் பேனாவால் காட்டினார். வெள்ளையாக ஒரு விதை. அதற்கு மேலும் கீழும் நீர் கோத்து நீளமாக ஒரு கறுப்பு நிழல். "உள்ளுக்குள்ள ஒரு கட்டி இருக்கு. மெதுவா வளர்ற வகை மாதிரிதான் தெரியுது. ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். ஆனா தள்ளிப்போடக் கூடாது." தணிகாசலம் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அமிர்தவல்லி அந்த வெள்ளை விதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எத்தனை வருஷம் டாக்டர்?" என்றாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். குரலை இறக்கி, "அப்படியெல்லாம் நீங்க யோசிக்கவே வேணாம்மா. உயிருக்கு ஒன்னும் ஆகாது. ஆபரேஷனுக்கு அப்புறம் இருபது முப்பது வருஷம் நல்லா இருக்கிறவங்களை நானே பாத்திருக்கேன்" என்றார். "அதில்ல டாக்டர். இனிமே எத்தனைன்னு இல்ல, இதுவரைக்கும். இது எத்தனை வருஷமா எனக்குள்ள இருக்கு?" டாக்டருக்கு அந்தக் கேள்வி புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "கரெக்டா சொல்ல முடியாது. கண்டிப்பா ஆறு மாசம் இல்ல. மூணு வருஷம் இருக்கலாம், ஏழு வருஷம் இருக்கலாம். மொதல்ல சூடு, வலியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா போயிருக்கும், அப்புறம் தொடுறது. நீங்களே கவனிச்சிருக்க மாட்டீங்க." ஏழு. ஓடைக்கரை மட்டும் என்று நினைத்திருந்தாள். அதற்கு முந்தைய பங்குனி, அதற்கும் முந்தையது, மலையடிவாரத்து டைக், ரயில் பாதையை வெட்டிய இடத்து டைக், எல்லாவற்றிலும் கோடு கீறியது இந்தக் கை. எந்தக் கோட்டிலிருந்து?

"அஞ்சு வருஷம்" என்றார் தணிகாசலம். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எப்படிச் சொல்றீங்க சார்?" என்று கேட்டார் டாக்டர். மைதானத்தின் மறுகோடி வரை கேட்கிற தணிகாசலத்தின் குரல் இப்போது பக்கத்து நாற்காலிக்கே சரியாகக் கேட்கவில்லை. "எங்க பெரியண்ணன் தவறினப்போ. சுடுகாட்டுக்குப் போயிட்டு வந்து உக்காந்திருந்தேன். இவ பக்கத்துல வந்து உக்காந்தா. நான் இவ கையப் புடிச்சேன். எப்பவுமே நான் புடிச்சா இவ திருப்பி ஒரு அழுத்து அழுத்துவா டாக்டர். கல்யாணம் ஆனதுலருந்து. அன்னைக்கு அழுத்தல. நானும் புடிச்சுக்கிட்டே இருந்தேன், வெச்ச மாதிரியே இருந்துச்சு கை. அதுக்கப்புறம் ரெண்டு மூணு வாட்டி பாத்தேன். இல்ல." அவர் நிறுத்தினார். "சரி, விட்டுட்டேன்." டாக்டர் எதையோ எழுதத் தொடங்கினார். அமிர்தவல்லி, "எங்கிட்ட நீங்க சொல்லவே இல்லியே" என்றாள். "என்னன்னு சொல்றது" என்றார் அவர்.

ஆபரேஷன் அடுத்த வாரம் என்று முடிவாயிற்று. தாழ்வாரத்துக்கு வந்ததும் அவள் முதலில் ரெஹானாவுக்குப் போன் செய்தாள். இடது கையால் போனைப் பிடித்துக்கொண்டு, நின்றபடியே, நிதானமாகச் சொன்னாள்: "ஓடைக்கரைத் துண்டைக் கணக்குல எடுக்காதேம்மா. தட்டு என் கையிலருந்து விழுந்துச்சு. அம்பு எந்தப் பக்கம் போட்டேன்னு எனக்குச் சத்தியமா தெரியாது. அது மட்டும் இல்ல, அஞ்சு வருஷத்துல நான் குறிச்சது எல்லாத்தையும் தனியா எடுத்து வை. நீ குறிச்சது மட்டும் நிக்கட்டும். அடுத்த மாசம் நீயே போ, ஓடைக்கரையில மறுபடி துளை போடு. நான் வந்தாலும் நிழல்ல உக்காந்துக்கறேன், கம்பியை எங்கிட்ட குடுக்காத." ரெஹானா, "மேடம், டாக்டர் என்ன சொன்னாங்க?" என்றாள். அதைச் சொல்லவே இல்லை என்று அப்போதுதான் அமிர்தவல்லிக்குத் தெரிந்தது. சொன்னாள். சொல்லும்போது குரல் யாருக்கோ பஸ் நேரம் சொல்வதுபோல் இருந்தது.

தணிகாசலம் ஜன்னலோரம் நின்று கீழே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரும்புச் சாறு வண்டியின் மணிச் சத்தம் மேலே வரை வந்தது. அவள் அவர் பக்கத்தில் போய் நின்றாள். "அஞ்சு வருஷமா என்னன்னு நெனச்சீங்க?" "மனசு விட்டுப் போச்சு போலன்னு." "கேட்டிருக்கலாம்ல." அவர் திரும்பாமலே, "கேட்டு, நீ ஆமான்னு சொல்லிட்டா?" என்றார். ஐந்து வருஷமாக இந்த மனுஷர் டி.வி. சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு அந்த ஒரு வார்த்தை வராமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நரம்புதாங்க, வெறும் நரம்பு, எனக்குள்ள எதுவும் மாறலை என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவர் அழுவார், இப்போதே அழுதுவிடுவார், எல்லாம் சரியாகிவிடும். சொல்லலாம்தான். கை முதலில் போயிற்றா, உள்ளே முதலில் போயிற்றா? கை போனதால் அவர் ஒதுங்கி, அவர் ஒதுங்கியதால் அவள் இப்படி ஆனாளா? அம்மாவுக்கு அழாதது எந்தக் கட்டியால்? ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது எல்லாம். அவர் இப்போது திரும்பினார். கண் சிவந்திருந்தது. "வெறும் கைதானா அமிர்தம்?" என்று கேட்டுவிட்டார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "தெரியலீங்க" என்றாள். "ஆபரேஷன் ஆகட்டும். தெரிஞ்சா உங்ககிட்டதான் மொதல்ல சொல்லுவேன்." அவர் தலையை ஆட்டினார். அந்தப் பதில் அவருக்குப் போதுமானதாக இருந்ததா, போதாமல்தான் ஆட்டினாரா, அவளுக்குத் தெரியவில்லை. "சரி வா, போலாம். மணியாச்சு" என்றார். படிக்கட்டை நோக்கி நடந்தார்கள். இரண்டு படி இறங்கியதும் அமிர்தவல்லி நின்று, அவருக்குப் பின்னால் சுற்றி அவருடைய வலப்பக்கத்துக்கு வந்தாள். என்ன என்று கேட்பதுபோல் பார்த்தார். ஒன்றுமில்லை என்று தலையசைத்துவிட்டு, தன் இடது கையை அவர் பக்கமாக நீட்டினாள்.